மஞ்சள் பீப்பாவின் எண்கள்

மார்ச் 3, திங்கள்

கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. வடலிக்கரைத் தூண்டில் வளைவைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று எங்கள் தோமையார்துறை கொடுத்த மனுவின் மேல் ஜூலையில் விசாரணை நடக்கும். மனுவை எழுதியவள் நான். கையெழுத்துப் போட்டது ஊர். வருடக்கணக்காக இதையே எழுதுகிறேன். இப்போதுதான் முதல் தடவையாக "தக்க ஆதாரத்துடன் ஆஜராகவும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

ஆதாரமா? என் வீடுதான் ஆதாரம். அது இருந்த இடத்தில் இப்போது அலை புரள்கிறது. போய்ப் பார்க்கட்டும்.

வடலிக்கரை எங்களுக்குக் கிழக்கே அடுத்த ஊர். பாறாங்கல்லைக் கொட்டி, தூண்டில் முள் மாதிரி வளைத்து, கடலுக்குள் ஒரு சுவரை நீட்டியிருக்கிறார்கள். அது எழும்பிய மறுவருடம் என் வீடு போனது. கிழக்கேயிருந்து வரும் மண்ணை அந்தச் சுவர் மறித்துக்கொள்கிறது, அதனால் எங்கள் கரை தேய்கிறது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காகிதத்தில்தான் இல்லை.

சாயந்திரம் ஊர்க் கமிட்டிச் செயலாளர் எஸ்தாக்கி, வீடு போன பிறகு நான் இருக்கும் காலனிக்கு வந்தான். கடலில் போகிறவன். என்னைவிட இளையவன்.

"ஆதாரம்ன்னா என்னத்தக் கொண்டு போறது அக்கா? கடலைச் சாக்குல கெட்டிக் கொண்டு போவமா?"

"ஒனக்கு வாய் மட்டும் கொறைச்சலில்ல."

"இல்ல, கேக்கேன். முன்ன நம்ம ஊருக்கு நேரா ஒரு மஞ்ச பீப்பா கெடந்துதுல்லா. எனக்க வலை அதுல மாட்டிக் கிழிஞ்சுது. அதுக்க அடியில கருவி உண்டும்னு கப்பல்காரன் சொன்னான். கடல் போக்கை அது எழுதுமாம்."

எனக்கும் நினைவு வந்தது. மூன்று மழைக்காலம் அந்தப் பீப்பா அங்கேயே மிதந்தது. பிறகு ஒரு நாள் கப்பல் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது அத்தனை நாள் என்ன எழுதியது? யாருக்கு எழுதியது? இப்போது அது எங்கே இருக்கிறது?

படுக்கும்வரை இந்தக் கேள்வி விடவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். கிளீட்டஸ் வடலிக்கரைக் கோயிலில் பூசியிருப்பான். எனக்கென்ன.

இதை ஒரு தடவை எழுதிவிட்டு விட்டுவிடுகிறேன். கிளீட்டஸ் என் தம்பி. அம்மா போன பிறகு என் கையில் வளர்ந்தவன். வடலிக்கரையில் பெண் கட்டி அங்கேயே தங்கினான். தூண்டில் வளைவு வேண்டும் என்று அலைந்து அதை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். வீடு போன அன்று "எனக்க வீட்டுக்கு வா அக்கா" என்று வந்து நின்றான். வளைவைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்து கூப்பிடு என்றேன். அதன் பிறகு பேச்சு இல்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையிலிருந்து போன்தான்.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. கம்ப்யூட்டர், இங்கிலீஷ் கடிதம், வரைபடம் பார்ப்பது எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு நானாகக் கற்றவை. யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வந்தவர்களை நான் விடவும் இல்லை.

பீப்பா எங்கே என்று கேட்டதற்குக் கோட்டாட்சியர் அலுவலகம் மீன்வளத் துறைக்கு அனுப்பியது. மீன்வளத் துறை துறைமுகத்துக்கு அனுப்பியது. துறைமுகத்துக்காரர் பீப்பா கடல் ஆராய்ச்சிக்காரர்களுடையது என்றார். ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பையன் எடுத்தான்.

"லைன்ல இருங்க மேடம்."

"தம்பி, ரிசீவரை மேசையில வைக்காதே. நான் காலமெல்லாம் ஆபரேட்டரா இருந்தவ. வைக்கிற சத்தம் எனக்குத் தெரியும்."

பாவம், திகைத்துவிட்டான். ஒரு நல்ல காரியம் செய்தான். தரவு எல்லாம் இணையத் தளத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் திறந்தது என்று சொல்லி முகவரி கொடுத்தான்.

மார்ச் 11, செவ்வாய்

குழாயில் தண்ணீர் இல்லை. தளமும் திறக்கவில்லை.

மார்ச் 19, புதன்

தளம் திறந்தது. கடல் முழுவதும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பீப்பா கிடந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நமக்குத் தெரியாமல் இத்தனை கண்கள்!

தேடும் கட்டத்தில் தோமையார்துறை என்று போட்டேன். ஒன்றும் இல்லை. இங்கிலீஷில் எழுத்து மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றும் இல்லை. எஸ்தாக்கியைக் கூப்பிட்டு, வலை கிழிந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணைக் கேட்டேன். வலை கிழிந்த இடத்தை எந்த மீன்பிடிக்காரனும் மறப்பதில்லை. அந்த எண்ணை வைத்து வரைபடத்தில் விரலை நகர்த்தினேன். இருந்தது! "நிலையம் 41". அவ்வளவுதான் பெயர். எங்கள் கடலுக்கு நாற்பத்தொன்று என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படி வைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

புள்ளியைத் தொட்டால் பூட்டுப் படம் வந்தது. திறந்த தளத்தில் பூட்டு! கீழே விண்ணப்பம். நிரப்பினேன்.

நிறுவனம்: வீடு.
பதவி: ஓய்வு பெற்ற ஆபரேட்டர்.
ஆய்வின் நோக்கம்: எங்கள் மண் எங்கே போகிறது என்று தெரிய.
தரவை யாருடன் பகிர்வீர்கள்: தோமையார்துறையுடன் மட்டும். வடலிக்கரைக்குத் தரக்கூடாது.

ஏப்ரல் 2, புதன்

"நிறுவனச் சார்பு இல்லாத விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படமாட்டா."

உடனே பதில் எழுதினேன். கடல் வந்து என் வீட்டுக்குள் ஏறியபோது அது நிறுவனச் சார்பு கேட்கவில்லை என்று. அனுப்பிவிட்டு அரிசி களைந்தேன்.

தளத்தில் நிலையம் 41-க்குக் கீழே தரவைச் சேகரித்தவர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது. முனைவர் பூங்கோதை, சென்னை. எண் இல்லை. எண் இல்லாவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாதா? எந்த அலுவலகத்திலும் கேன்டீன்காரருக்குத் தெரியாத ஆள் கிடையாது.

ஏப்ரல் 9, புதன்

கேன்டீன்காரர் வழியாகப் பூங்கோதையைப் பிடித்துவிட்டேன். பேச்சை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நீங்க எந்த யுனிவர்சிட்டிலேர்ந்து பேசறீங்க மேடம்?"

"வீட்டிலேருந்து."

"சாரி?"

"தோமையார்துறை. உங்க மஞ்ச பீப்பா எங்க ஊருக்கு நேரா கெடந்துது. அது என்ன எழுதிச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

"அதைத் தூக்கிட்டு வந்ததுலேர்ந்து அந்தத் தரவைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்மா."

"பின்ன ஏன் பூட்டி வச்சிருக்கிய?"

"உண்மையச் சொல்லட்டுமா? பூட்டுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல. தளத்துல பேர் மட்டும்தான் இருக்கு. எண்கள் எல்லாம் என் அலமாரில ஒரு டிஸ்க்ல கிடக்கு."

கடலில் கிடந்தபோதாவது பார்க்க முடிந்தது. இப்போது அலமாரியில் கிடக்கிறது.

"ஏன் போடல?"

"போடணும்னா கூடவே விளக்கம் எழுதணும்மா. எந்தப் பத்தி என்ன, எந்தக் கருவி, எந்த நேரக் கணக்கு, எந்தத் திசைக் கணக்குன்னு. அது மாசக்கணக்கான வேலை. கட்டுரை எழுதினா பாராட்டுவாங்க. விளக்கம் எழுதினா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. அப்படியே தள்ளிப் போயிடுச்சு."

"எண்ணை மட்டும் அனுப்புங்க. விளக்கம் எனக்கு வேண்டாம். எங்க கடலை எனக்கு ஆரும் விளக்க வேண்டாம்."

மேலிடத்தில் கேட்டு அனுப்புவதாகச் சொன்னார். தரவையும் விளக்கத்தையும் முறையாகத் தளத்தில் ஏற்றிவிடுவதாகவும் சொன்னார். ஏற்றினால் வடலிக்கரைக்காரர்களும் பார்ப்பார்களே என்றேன்.

"திறந்தா எல்லாருக்கும்தான்மா. ஒரு ஊருக்கு மட்டும் திறக்க முடியாது."

இது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க முதல்ல எந்த வார்த்தையப் போட்டுத் தேடினீங்க?" ஊர்ப் பேரை, வேறு எதைப் போடுவார்கள் என்றேன். அதைக் குறித்துக்கொள்கிறேன் என்றார். நல்ல பெண்தான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதையில் கிளீட்டஸின் மனைவி ஸ்டெல்லா பக்கத்தில் வந்து நின்றாள். அவன் வரவில்லை.

"மைனி, சொகந்தானா?"

"ம்."

"அவியளுக்கு இருமல் விடவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டா வரமாட்டேங்காவ. ஒங்க தம்பியில்லா, ஒங்கள மாதிரிதான்."

"ஆடாதோடை வச்சுக் குடிக்கச் சொல்லு," என்றேன்.

வடலிக்கரையில் ஆடாதோடை கிடையாது. காலனி வேலி முழுக்க இருக்கிறது. கொஞ்சம் பறித்து நிழலில் உலர்த்தினேன். எனக்குத்தான். எப்போதாவது இருமல் வரலாம்.

மே 6, செவ்வாய்

வந்துவிட்டது. பூங்கோதை தரவை அனுப்பிவிட்டார். திறந்தால் எண்கள், எண்கள், எண்கள். கீழே இழுக்க இழுக்க முடியவில்லை. சோறு வைக்க மறந்துவிட்டேன்.

மே 8, வியாழன்

இரண்டு நாளாக இதேதான். ஒரு பத்தி நேரம். ஒரு பத்தி அலை உயரம். ஒரு பத்தி நீரின் வேகம். ஒரு பத்தி நீரோட்டத்தின் திசை. நம் ஆட்கள் நீவாடு என்பார்கள். திசை பாகையில் இருக்கிறது. வடக்கு பூஜ்யம், கிழக்கு தொண்ணூறு, தெற்கு நூற்றெண்பது, மேற்கு இருநூற்றெழுபது. பழைய பள்ளி வரைபடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஆனி, ஆடி மாதங்களில்தான் கரை அறுந்து போகும். அந்த மாதங்களில் நீவாட்டின் வேகம் மற்ற மாதங்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். திசை? எல்லா வருடமும் தொண்ணூறும் நூறும்தான். அதாவது கிழக்கு! கச்சான் என்றால் மேற்கேயிருந்து வரும் காற்று. கொண்டல் என்றால் கிழக்கேயிருந்து வரும் காற்று. நீவாடு கிழக்கு என்றால் வடலிக்கரைப் பக்கமிருந்து எங்களை நோக்கி வருகிறது. நான் இத்தனை வருடம் சொன்னதை ஒரு பீப்பா கடலில் கிடந்து சொல்லியிருக்கிறது.

நான் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன்.

மார்கழி, தையில் மட்டும் எண்கள் தலைகீழாக இருக்கின்றன. இருநூற்றெண்பது. மேற்கு. அது பொருந்தவில்லை. கருவியில் பாசி பிடித்திருக்கும்.

மே 11, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம். எண்களைத் தாளில் எடுத்து ஒட்டி, எல்லோருக்கும் காட்டினேன். ஊரே கை தட்டியது. எஸ்தாக்கி மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த மார்கழிக் கணக்கு மேக்கன்னு இருக்கே. மார்கழியில நீவாடு கெழக்கேயிருந்துதான் வரும். நாங்க தெனமும் அதுலதானே கெடக்கோம்."

"கருவி கெட்டிருக்கும்."

"அப்போ ஆனி ஆடியில கெடலியா?"

"நீ ஆனி ஆடியில நம்ம கடல்ல கெடந்திருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் கடலில் ஒருவனும் இறங்குவதில்லை. வள்ளங்களைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். தொழிலுக்குப் போகிறவர்கள் கொல்லம் பக்கம் துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். எஸ்தாக்கி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மே 29, வியாழன்

தளத்தில் ஏற்றிவிட்டதாகப் பூங்கோதையிடமிருந்து செய்தி. ஓடிப் போய்த் தோமையார்துறை என்று போட்டேன். வந்தது! "தோமையார்துறை, வடலிக்கரைக்கு நேர் கடல், நிலையம் 41." தமிழிலேயே. பூட்டும் இல்லை. எங்கள் ஊர்ப் பெயர் அந்தக் கடலில் நிற்பதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வடலிக்கரை பக்கத்தில் நிற்பதுதான் உறுத்தியது.

கூடவே விளக்கம் என்று நான்கு பக்கம். வேண்டாம் என்று சொன்னவள் நான். ஆனால் ஒருத்தி வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதைப் படிக்காமல் விடுவது மரியாதையில்லை. மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

"காற்று, அலை ஆகியவற்றின் திசை, அவை எங்கிருந்து வருகின்றன என்பதைக் குறிக்கும். நீரோட்டத்தின் திசை, நீர் எங்கே போகிறது என்பதைக் குறிக்கும்."

அச்சுப் பிழை.

மே 30, வெள்ளி

"அது அச்சுப் பிழை இல்லம்மா. உலகம் முழுக்க அதான் வழக்கம். காத்துக்கு வர்ற திசை, நீரோட்டத்துக்குப் போற திசை."

"இது எந்தக் கிறுக்கன் போட்ட வழக்கம்? ஒரே பட்டியல்ல ஒண்ணு வர்றதும் ஒண்ணு போறதுமா?"

"நாங்களும் படிக்கிற காலத்துல திட்டியிருக்கோம். அதனாலதான் விளக்கம் வேணும்னு சொன்னேன்."

"எங்க ஆட்களுக்கு நீவாடு தெரியாதா?"

"தெரியும்மா. அவங்க மார்கழியப் பத்தி என்ன சொல்றாங்க?"

மார்கழிப் பத்தியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பாசி பிடித்த கருவியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மார்கழியில் இருநூற்றெண்பது என்றால் மேற்கு நோக்கிப் போகிறது. அதாவது கிழக்கேயிருந்து வருகிறது. எஸ்தாக்கி சொன்னது அப்படியே பொருந்துகிறது. அப்படியானால் ஆனியில்...

ஆனியில் எங்கள் மண் கிழக்கே போகிறது. வடலிக்கரையை நோக்கி. கிழக்கே நிற்கும் சுவர் அதைப் பறிக்கவில்லை. போகிற மண்ணை அது நிறுத்தித்தான் வைத்திருக்க முடியும். மார்கழியில் கிழக்கேயிருந்து வருவதில் கொஞ்சம் அது மறிக்கலாம். ஆனால் அது சின்னப் போக்கு. பெரிய போக்கு ஆனியில். சுவரைப் பிரித்தால் அந்த மண் அவர்களுக்கும் இருக்காது, எங்களுக்கும் இருக்காது.

ஒரு வழக்கத்தை எவனோ எழுதிவைத்தான் என்பதற்காக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜூன் 2, திங்கள்

மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. ஜூலை வந்துகொண்டிருக்கிறது. வேறு விசேஷமில்லை.

ஜூன் 5, வியாழன்

எஸ்தாக்கி மனுவோடு இணைக்கத் தாள்களைக் கேட்டான். இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றேன். "எல்லாம் தெரிஞ்ச நீங்களே சரிபாக்கணுமா?" என்று சிரித்தான்.

ஒரு யோசனை வந்திருக்கிறது. யாரும் கடலில் இல்லாவிட்டால் கடலையே கேட்டுவிட வேண்டியதுதான். பக்கத்து வீட்டுத் தேங்காய் உரிக்கிற இடத்தில் கதம்பை, உரித்த மட்டை, குவிந்து கிடக்கிறது. காய்ந்த கதம்பை மிதக்கும்.

ஜூன் 9, திங்கள்

ஒரு மூட்டை கதம்பைக்குச் சிவப்புச் சாயம் அடித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டைக் கட்டி, ஆணியால் என் போன் எண்ணைக் கீறினேன். கை கொப்பளித்துவிட்டது.

மழை விட்ட நேரம் பார்த்து என் வீடு இருந்த இடத்துக்கு நேரே போனேன். அலை ஆள் உயரத்துக்கு மேல் எழும்புகிறது. கல் மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக வீசினேன். சில திரும்பிக் காலடிக்கே வந்தன. மறுபடியும் எடுத்து எறிந்தேன். பார்த்தவர்கள் இந்த ஜெனோவக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மேற்கே போங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். சத்தமாகவும் சொன்னேன்.

சிவப்புப் புள்ளிகள் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் குதித்தன. பிறகு கரையோரமாகவே வரிசை கட்டிக் கிளம்பின. அவை என்னைக் கேட்கவில்லை. கிழக்கே போய்விட்டன.

மழை பிடித்துக்கொண்டது. ஆனாலும் நான் உடனே திரும்பவில்லை. எவ்வளவு வேகம்! எங்கே போய் நிற்கும்? வளைவைத் தாண்டுமா, அதற்கு முன்னாலேயே ஒதுங்குமா? நனைந்தபடி இதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். தோற்றவள் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. இது எனக்கே வியப்பாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. இந்தக் கைபேசியில் அந்த எண்ணை நான் பதிந்து வைக்கவில்லை. தேவையில்லை.

"வணக்கம். இஞ்ச ஒரு கதம்ப கெடச்சுது. அதுல இந்த நம்பர் கெடக்கு."

"எந்த எடத்துல கெடச்சுது?"

"வளைவுக்கு மேக்கால பக்கம். மண்ணுல பொதைஞ்சு கெடந்துது."

"மண்ணா? அங்க மண்ணு இருக்கா?"

"ஏறிக் கெடக்கு. உங்க ஊர்ப் பக்கமாட்டுதான் ஏறிக் கெடக்கு. வந்து பாத்தாத்தானே தெரியும்." இருமினான். நெஞ்சிலிருந்து வரும் இருமல். "இன்னும் கொஞ்சம் சொவப்பாக் கெடக்கு. பொறுக்கணுமா?"

"பொறுக்கு. எது எந்த எடத்துல, எந்த நேரத்துலன்னு எழுதி வை. சும்மா எழுதினாப் போதாது. எதுலேருந்து அளந்தேன்னும் எழுதணும். விளக்கம் இல்லாத எண்ணு ஒண்ணுக்கும் ஒதவாது."

"சரிக்கா."

ஆபரேட்டர் முதலில் லைனைத் துண்டிக்கக்கூடாது. அவனும் துண்டிக்கவில்லை. போனுக்குள் அவன் பக்கத்துக் கடல் இரைந்துகொண்டிருந்தது. என் பக்கத்துக் கடலும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

ஜூன் 16, திங்கள்

எஸ்தாக்கியிடம் சொன்னேன். எண்கள், விளக்கம், கதம்பை, எல்லாம்.

"அப்ப வாய மூடிட்டு இருப்போம். இது நமக்கும் அந்தச் சென்னைக்காரிக்கும் மட்டுந்தானே தெரியும்?"

"தளத்துல கெடக்கு. ஆரும் பாக்கலாம்."

"ஆரு பாப்பா? அதைத் தேடிக் கண்டுபிடிச்சது நீங்க ஒரு ஆளுதான்."

"அதனாலதான் நான் மூட முடியாது."

"பதினோரு வருசமா எங்கள இழுத்துட்டு ஓடினது நீங்க. இப்ப திரும்பி நில்லுன்னா எப்படி? நீங்க எந்த ஊருக்காரி?"

நிலையம் நாற்பத்தொன்று என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எழுந்து போய்விட்டான்.

தொலைபேசி போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்குப் பிடிக்காதவர்களின் அழைப்பு எத்தனையோ வந்திருக்கிறது. இரண்டு ஊருக்கும் அடிதடி நடந்த வருடம் வடலிக்கரையிலிருந்து வந்த அழைப்பையெல்லாம் நான்தான் இணைத்தேன். ஒரு இணைப்பு வயரையும் பிடுங்கியதில்லை. கேட்கிறவனுக்கு லைன் கொடுக்க வேண்டும். அவன் யார் என்று பார்ப்பது ஆபரேட்டர் வேலை இல்லை. இது என் விண்ணப்பத்தில் நான் எழுதியதற்கு நேர் எதிராக இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த விண்ணப்பம்தான் நிராகரிக்கப்பட்டுவிட்டதே.

ஜூலை 3, வியாழன், தோமையார் திருநாள்

ஊர்த் திருநாள். கறிச்சோறு வாங்கப் போனேன். வரிசையில் என் முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். சோறு நன்றாக இருந்தது. ஒரு பொட்டலம் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். உலர்ந்த ஆடாதோடையும் சேர்த்து, வடலிக்கரை வழியாகப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 10, வியாழன்

விசாரணை. ஒரு பக்கம் எங்கள் ஊர், மறுபக்கம் அவர்கள். நடுவில் கோட்டாட்சியர். கிளீட்டஸ் எதிர் வரிசையில் ஒரு சாக்கோடு உட்கார்ந்திருந்தான். இளைத்திருக்கிறான். சட்டைக் காலர் நைந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"மனுதாரர் தரப்புல ஆதாரம் இருக்காம்மா?"

"இருக்கு. ஆனா எங்க மனுவுக்கு எதிரா இருக்கு."

பின்னால் நாற்காலிகள் இழுபட்டன. யாரோ "துரோகி" என்றார்கள். நான் திரும்பவில்லை. தளத்தின் பெயரைச் சொல்லி, அங்கேயே திறக்கச் சொன்னேன். தோமையார்துறை என்று போடுங்கள் என்றேன். வடலிக்கரை என்று போட்டாலும் அதே பக்கம்தான் வரும் என்றும் சொன்னேன். அவர் வடலிக்கரை என்றே போட்டார். வந்தது. விளக்கத்தின் மூன்றாம் பக்கத்தை நானே வாசித்தேன். பிறகு கிளீட்டஸ் எழுந்து சாக்கைக் கவிழ்த்தான். சிவப்புக் கதம்பைகள் மேசையெல்லாம் உருண்டன. ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் எழுதியிருந்தது. எதிலிருந்து அளந்தது என்பதும் எழுதியிருந்தது. கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, கோணல்.

"அப்போ உங்க ஊர்க் கரை ஏன்தான்மா தேயுது?" என்று கோட்டாட்சியர் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். அப்படிச் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கிழக்கே போவது தெரிந்துவிட்டது. மேற்கேயிருந்து வரவேண்டியது வரவில்லை. அங்கே எது மறிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். வளைவைத் தொட வேண்டாம் என்று கோட்டாட்சியர் எழுதிவைத்தார். மேற்குக் கரையை அளக்கச் சொல்லி மேலே எழுதுவதாகவும் சொன்னார். எழுதுவாரா என்று பார்க்கலாம். எழுதாவிட்டால் எனக்குப் போன் இருக்கிறது.

வெளியே வந்தபோது எஸ்தாக்கி தனியாக பீடி பிடித்துக்கொண்டு நின்றான். "மேக்கே எந்த ஊர் வரைக்கும் பாக்கணும்?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 14, திங்கள்

இன்று தளத்தில் மேற்குப் பக்கம் விரலை நகர்த்தினேன். ஒரு புள்ளி இருக்கிறது. நிலையம் 38. பூட்டு. பூங்கோதையைக் கேட்டேன். அது வேறொருவர் அலமாரியில் இருக்கிறதாம். பெயரைச் சொல்லவே தயங்கினார். அந்த அலுவலகத்தில் கேன்டீன் உண்டா என்று மட்டும் கேட்டேன்.

விண்ணப்பத்தை நிரப்பினேன்.

நிறுவனம்: வீடு. இதை மாற்ற மாட்டேன்.
நோக்கம்: மண் எங்கிருந்து வரவில்லை என்று தெரிய.
தரவை யாருடன் பகிர்வீர்கள்: கேட்கிற எல்லோருடனும்.

நாளை காலை பஸ்ஸில் கிளீட்டஸ் வருகிறான். எஸ்தாக்கியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மூன்று பேருமாக மேற்கே போகிறோம். அதற்குள் கதம்பையில் பூசிய சாயம் காய வேண்டும். இந்தத் தடவை நீலம்.